கொழும்புத்துறை என்று நான் சொல்லவில்லை

அன்று நான் சொல்லாதது ஓர் ஊரின் பெயர். கொழும்புத்துறை. அதற்குக் கீழே வீதியின் பெயரும் வீட்டு இலக்கமும் என் திரையில் தெரிந்துகொண்டிருந்தன. ஒன்றையும் நான் சொல்லவில்லை.

அக்கா, இன்று காலை புதிதாக வேலைக்கு வந்த பெண்ணுக்குக் கொடுப்பதற்காக உங்கள் ஹெட்போனை அலுமாரியிலிருந்து எடுத்தேன். காதுப் பஞ்சில் இன்னும் நல்லெண்ணெய் மணம் இருக்கிறது. அதன் வயரில் காய்ந்து கறுத்த ஒரு திட்டும் இருக்கிறது. அவளுக்கு வேறொன்று வாங்கச் சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

டயர்க் கடைக்கு மேல்மாடியில், வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் சின்னக் கம்பனி நம்முடையது. வாடிக்கையாளர்களின் தொலைபேசிக் கோல்களை நீங்கள் எடுப்பீர்கள், நான் மென்பொருள் எழுதுவேன். நம் ஊரில் இணைப்பை யாரும் ஒரேயடியாக நிறுத்துவதில்லை. திருவிழாவுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்தால் திறப்பார்கள், அவர்கள் விமானம் ஏறியதும் மூடுவார்கள். மூடியதை மறுபடி திறப்பதுதான் நமக்குப் பாதி வேலை. கட்டணக் கணக்குகளைப் பார்ப்பது வெளிநாட்டில் இருக்கும் ஒரு சேவை. நம் மென்பொருள், ஏபிஐ என்கிற இணைப்பு வாசல் வழியாக அதனிடம் 'இந்தக் கணக்கை மீள இயக்கு' என்று ஒரு கட்டளை அனுப்பும். அதுவும் 'இயங்குகிறது' என்று பதில் தரும். நான் எழுதியதிலேயே மிகச் சிறிய நிரல் அதுதான்.

வட்டுக்கோட்டை ஐயா ஒருவர் உங்களோடு சண்டைக்கு வந்தது நினைவிருக்கிறதா?

"என்ன பிள்ளை, என்னை நிப்பாட்டிப்போட்டியளாம்?"

"நிப்பாட்டினது இன்ரநெற்றை ஐயா. உங்களை நிப்பாட்ட எங்களாலை ஏலுமோ?"

மதியத்தில் நான் கதைப் புத்தகத்தை விரித்தால், "எடி, இண்டைக்கும் உதுக்குள்ளை ஆரும் செத்துப்போட்டினமோ?" என்று கேட்பீர்கள். பெரும்பாலும் யாராவது செத்திருப்பார்கள். நாம் சிரிப்போம்.

ஒரு பெண் அழைத்த அந்த நாளிலும் நீங்கள் சிரித்துக்கொண்டுதான் ஹெட்போனை மாட்டினீர்கள். பிறகு உங்கள் முகம் மாறியது. எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டீர்கள்.

"கொஞ்சம் பலத்துக் கதையுங்கோ தங்கச்சி. அவர் அடிச்சதிலை ஒரு காது கேக்கிறேல்லை."

கரவெட்டியில் கணவனை விட்டுவிட்டுக் குழந்தையோடு கொழும்புத்துறையில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்திருந்தாள். வீட்டிலிருந்தபடி பிள்ளைகளுக்கு ஒன்லைனில் கணிதம் படிப்பித்துத்தான் சாப்பிட வேண்டும். கரவெட்டியில் இருந்து, இப்போது நிறுத்தப்பட்டிருந்த பழைய இணைப்புக்கு, கனடாவிலுள்ள அவளுடைய தம்பியின் அட்டையிலிருந்து பணம் போய்க்கொண்டிருந்தது. அவனிடம் இன்னொரு முறை கேட்க வெட்கமாக இருக்கிறது, அந்தக் கணக்கையே இங்கே திறந்துவிடுங்கள் என்றாள்.

கணக்கு அவளுடைய பெயரில் இருந்தது. தொலைபேசி எண் கணவனுடையது. நம் பெண்கள் எந்தக் கந்தோருக்கு, எந்த அலுவலகத்துக்குப் போனாலும் "மனிசன்ரை நம்பரைப் போடுங்கோ" என்பார்கள். பத்திரம் என்று நினைத்துச் செய்யும் காரியம்.

"பழசைத் திறந்தால் உந்த எருமைக்கு மெசேஜ் போகுமோ?" என்று கேட்டீர்கள். நாம் இருவருமாகச் சேவையின் விளக்கக் குறிப்பைப் படித்தோம். அதில் ஒன்றும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று முதலில் அவன் எண்ணை அழித்து அவளுடைய புது எண்ணைப் போட்டோம். அதன் பிறகுதான் கட்டளையை அனுப்பினோம். 'இயங்குகிறது' என்று பதில் வந்தது. நீங்கள் மேசையில் தாளம் போட்டீர்கள்.

எண் மாறியது நம் பக்கத்தில் மட்டும். கணக்கு நிறுத்தப்பட்ட நாளில் இருந்த எண்ணை அந்தச் சேவை தன்னிடம் தனியாக வைத்திருந்தது. இணைப்பு உயிர்த்ததும் அது அந்தப் பழைய எண்ணுக்குத் தானாக ஒரு வரி அனுப்பியது: உங்கள் இணைப்பு மீண்டும் இயங்குகிறது. முகவரி அதில் இல்லை. அவனுக்கு அந்த ஒரு வரி போதும். அவள் எங்கோ ஒரு வீட்டில் இருக்கிறாள், அந்த வீடு எது என்று நமக்குத் தெரியும்.

அடுத்த நாள் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தான். முதலாளி வெளியே போயிருந்தார், வயர் இழுக்கும் பொடியள் தூண்களில் ஏறப் போயிருந்தார்கள். ஹெல்மெற்றைக் கழற்றாமலே உங்கள் மேசை முன்னால் நின்றான். கையில், இடுப்பில் கட்டும் சாரத் துணியால் சுற்றிய ஒரு நீள்பொருள்.

"தங்கச்சி, உந்தக் கணக்கு எந்த வீட்டிலை ஓடுது எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

"ஆற்றை கணக்கு அண்ணை?"

"என்ரை மனிசியின்ரை."

"அப்ப அது உங்கடை இல்லை."

சாரத்தை உருவினான். வாள். முதல் வெட்டு உங்கள் திரையைப் பிளந்தது. கண்ணாடித் துகள் என் மடியில் விழுந்தது. நீங்கள் எழுந்து, அவனுக்கும் என் மேசைக்கும் நடுவே வந்து நின்றீர்கள். உங்கள் கூந்தலைப் பிடித்து முறுக்கித் தலையை மேசையில் மோதினான். ஹெட்போன் உங்கள் கழுத்தில் தொங்கியது. அவன் கண் என் திரைக்கு வந்தது. நான் திரையை அணைத்தேன்.

"நீ சொல்லு. சொன்னால் இவளை விடுறன்."

"சொல்லாதை" என்றீர்கள்.

வாள் உங்கள் தோளில் இறங்கியது. விறகில் கோடரி விழுகிற சத்தம் அல்ல, ஈரமான சத்தம்.

"எந்த ஊர்?"

"எடி, சொல்லாதை."

அடுத்தது முன்கையில். வெள்ளையாக எலும்பு தெரிந்து, உடனே சிவப்பில் மறைந்தது. அவன் மறுபடி கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. நான் நிறையப் படித்தவள் என்று ஊரில் சொல்வார்கள். படித்த புத்தகங்களில் எல்லாம் மௌனம் அழகாக இருந்தது. அன்று என் மௌனம் ஒவ்வொன்றுக்கும் உங்கள் உடம்பில் ஒரு வெட்டு விழுந்தது. கடைசி வெட்டு வயிற்றில்.

கீழிருந்து டயர்க் கடைக்காரர்கள் இரும்புக் கம்பிகளோடு படியேறி வந்தார்கள். அவன் முழங்கால் உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவனின் ஹெல்மெற்றைப் பிடுங்கி அதனாலேயே முகத்தில் அடித்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "போதுமோ பிள்ளை?" என்று கேட்டார். நான் அதற்கும் பதில் சொல்லவில்லை. அவன் சாக வேண்டும் என்று விரும்பினேன். இப்போதும் விரும்புகிறேன். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம்.

ஓட்டோவில் உங்கள் தலை என் மடியில் இருந்தது. வயிற்றை என் துப்பட்டாவால் அழுத்திப் பிடித்திருந்தேன், இரத்தம் விரல்களுக்கிடையே சூடாக வந்துகொண்டே இருந்தது.

"சொன்னியோ?"

"இல்லை அக்கா."

"அந்த மனிசிக்குக் கோல் எடு. கனெக்ஷனை நிப்பாட்டச் சொல்லாதை. அவளை வீட்டை விட்டிட்டு ஓடச் சொல்லு."

அதுதான் நீங்கள் என்னோடு கடைசியாகக் கதைத்தது. ஆசுபத்திரி நடையில் நின்று, போனில் இரத்தம் பட அவளை அழைத்தேன். அவளுக்குக் கேட்பதற்காகக் கத்தினேன். நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். "அவர் உங்களுக்கு ஏதும் செய்துபோட்டாரோ?" என்று கேட்டாள். அப்போதும் அவள் வாயில் 'அவர்'தான். "நீங்கள் இப்பவே வெளிக்கிடுங்கோ" என்று மட்டும் சொன்னேன். விடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

செத்த வீட்டில் உங்கள் அண்ணை என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை.

"ஒரு ஊர்ப் பேர்தானே பிள்ளை. அதைச் சொல்லியிருந்தீரெண்டால் என்ரை தங்கச்சி இருந்திருப்பாள்."

அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். பொய்யாகவும் இருக்கலாம். நான் சொல்லியிருந்தால் அவன் உங்களை விட்டிருப்பானா, அல்லது சாட்சி வேண்டாமென்று நம் இருவரையும் வெட்டிவிட்டு அவளிடம் போயிருப்பானா? இந்தக் கேள்வியோடுதான் பல் துலக்குகிறேன், பஸ் ஏறுகிறேன். நீங்கள் 'சொல்லாதை' என்றதால் நான் சொல்லவில்லையா, பயத்தில் நா எழவில்லையா என்பதுகூட எனக்குத் தெளிவில்லை. வீரம் என்று பேப்பரில் எழுதினார்கள். எழுதியவர்கள் அந்த ஈரமான சத்தத்தைக் கேட்கவில்லை.

மீள இயக்கும் நிரலை நான் மாற்றி எழுதிவிட்டேன். இப்போது எந்தக் கணக்கைத் திறப்பதற்கு முன்பும், அந்த வெளிநாட்டுச் சேவையிடம் உள்ள பழைய எண்களை எல்லாம் அங்கேயே அழித்து, அழிந்ததா என்று நிரல் திருப்பிக் கேட்கும். உறுதியாகும் வரை கட்டளை போகாது. அதனால் இணைப்புகள் கிடைக்கத் தாமதமாகின்றன. சனம் ஏசுகிறது. முதலாளி ஒருமுறை அந்தச் சோதனையை எடுத்துவிடச் சொன்னார். எடுக்க மாட்டேன் என்றேன். 'சொல்லாதை' என்ற உங்கள் அந்த ஒற்றைச் சொல் எனக்குள் தினமும் ஒலிக்கிறது. அதைத் திட்டுகிற நாட்களும் உண்டு, அதற்குக் கீழ்ப்படிகிற நாட்களும் உண்டு.

நீங்கள் இறந்த அன்று காலை, உங்களை வெட்டியவனுடைய தம்பியும் வேறு இருவரும் எப்படியோ இடத்தை அறிந்து கொழும்புத்துறைக்குப் போனார்கள். கோடரியால் கதவைக் கொத்திப் பிளந்தார்கள். வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை.