பூட்டுத் திறந்த பேசும் புத்தகங்கள்

அன்புள்ள அக்கா,

இன்று காலை ஒரத்தநாட்டுக் கல்லூரியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி வந்தது. பிரித்ததும், மழைக்காலம் முழுக்கத் திறக்காமல் கிடந்த பீரோவின் வாடை. ஈரமும் பிளாஸ்டிக்கும் பூசணமும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் கை தானாக நின்றுவிட்டது. உள்ளே, கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச்சொல்லி அனுப்பிய பழைய சிடிகள். நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. இருந்திருந்தால் இந்நேரம் ஒன்றை எடுத்து விரலால் வருடி, "ஈரத்துல வச்சிருக்காங்க" என்று சொல்லியிருப்பீர்கள்.

தஞ்சாவூரில் நம் கல்லூரி நூலகத்தின் பேசும் புத்தகப் பிரிவுக்கு நீங்கள்தான் பொறுப்பாளர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். நான் அங்கே கம்ப்யூட்டர் வேலைக்காக மன்னார்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனவள். நம்மிடம் இருந்தவை முந்நூற்றுப் பன்னிரண்டு சிடிகள். வரலாறு, இலக்கணம், பொருளாதாரம் என்று கல்லூரிப் புத்தகங்களை யார் யாரோ உட்கார்ந்து வரிவரியாக வாசித்துப் பதிந்தவை. நகல் எடுத்து விற்றுவிடுவார்கள் என்ற பயத்தில், வெளியிட்ட அறக்கட்டளை அவற்றைப் பூட்டியே கொடுத்திருந்தது. அவர்கள் தந்த கருவியில் மட்டும்தான் ஓடும். அந்தக் கருவி நம்மிடம் ஒன்றுதான் இருந்தது. அறக்கட்டளையை மூடிப் பல வருடம் ஆகியிருந்தது.

ஓர் ஐப்பசி மழையில் கருவி நின்றுபோனது. மறுவாரமே கல்லூரி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். "இப்பதான் எல்லாம் போன்லயே வந்துருச்சே. இதைக் காலி பண்ணிட்டா ரூம் ஆச்சும்மா" என்றார். நீங்கள் எழுந்து நின்றீர்கள். அடுக்கிலிருந்து ஒரு சிடியை எடுத்து நீட்டினீர்கள்.

"சோழர் கால நீர்ப்பாசனம் பத்துன புத்தகம் சார் இது. எந்த போன்ல இருக்கு, காட்டுங்க. நானே காலி பண்ணித் தர்றேன்."

ஒரு வருடம் பொறுப்பதாகச் சொல்லிவிட்டு அவர் போனார்.

நான் அன்றே ஒரு சிடியை நகல் எடுத்தேன். திரையில் 'முடிந்தது' என்று வந்தது. ஓடவிட்டால் வெறும் கரகரப்பு. நீங்கள் சிரித்தீர்கள். "பூட்டையும் சேர்த்துல்ல நகல் எடுத்திருக்க, நசீமா." பூட்டை உடைக்கும் மென்பொருள் இணையத்தில் கிடைக்கும், முயன்று பார்க்கட்டுமா என்று கேட்டேன். நீங்கள் மறுத்தீர்கள்.

"வேணாம். திருட்டுத்தனமா எடுத்தா நாளைக்கு இன்னொரு காலேஜுக்கு இதை நிமிர்ந்து குடுக்க முடியாது. முதல்ல பூட்டோடயே எல்லாத்தையும் காப்பாத்து. சிடி செத்துருச்சுன்னா சாவி கிடைச்சும் பிரயோஜனமில்ல. சாவிக்கு நான் அலையறேன்."

அப்படித்தான் வேலை தொடங்கியது. நான் மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்து, ஒவ்வொன்றாக உள்ளது உள்ளபடியே கம்ப்யூட்டரில் ஏற்றினேன். நீங்கள் பேசும் கணினியில் தட்டித் தட்டிக் கடிதம் எழுதினீர்கள். பதினோரு கடிதம். பாதி திரும்பி வந்தன. கடைசியில் அந்தப் பூட்டைச் செய்த பொறியாளர் ஓய்வுபெற்றுத் திருச்சியில் இருப்பது தெரிந்தது. இருவரும் பஸ் ஏறினோம்.

அவர் நல்ல மனிதர்தான். ஆனால் தயங்கினார். "சாவி எங்கிட்ட இருக்கும்மா. ஆனா வெளிய போயிரக் கூடாதுன்னுதானே பூட்டுனோம்?"

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "சார், நீங்க திருடனுக்காகப் பூட்டுனீங்க. உள்ள மாட்டிக்கிட்டது நாங்க."

அவர் எழுந்து போய் ஒரு தாளை எடுத்து வந்தார். அறக்கட்டளையின் பழைய நிர்வாகிகளின் முகவரிகளை அவரே எழுதித் தந்தார். இரண்டு மாதம் கழித்து, அவர்கள் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தோடும் சாவி இருந்த ஒரு பென்டிரைவோடும் நம் நூலகத்துக்கே வந்துவிட்டார்.

முதல் புத்தகம் திறந்த அந்த நிமிடம் இன்றும் என் காதில் இருக்கிறது. எட்டு மாதமாகக் கேட்காத ஒரு பெண் குரல் புத்தகத்தின் பெயரைச் சொல்லி, முதல் அத்தியாயம் என்றது. அந்தக் குரலைக் கேட்டுத்தான் நீங்கள் பி.ஏ. படித்தீர்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு."

அதோடு முடிந்ததென்று நினைத்தேன். எல்லாம் சரியாக ஏறியிருப்பதாகக் கம்ப்யூட்டர் சொன்னது. பழைய சிடிகளைத் தூக்கிப்போடச் சாக்குகூட வந்துவிட்டது. நீங்கள் சம்மதிக்கவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டையும் கேட்ட பிறகுதான் என்று இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கத் தொடங்கினீர்கள். நாற்பத்தேழாவதில் கையைத் தூக்கினீர்கள்.

"இங்க ஒரு வரி விழுந்திருக்கு."

"கம்ப்யூட்டர் சரின்னுதான்க்கா காட்டுது."

"கம்ப்யூட்டர் சொல்லுது, சரி. வாக்கியம் சொல்லலையே. எழுவாய் இருக்கு, பயனிலையைக் காணோம்."

நகல் எடுத்த மென்பொருள் எழுதிவைத்த பதிவேட்டை மறுபடி பார்த்தேன். படிக்க முடியாத இடத்தில் மென்பொருள் சத்தமில்லாமல் வெற்றிடத்தை நிரப்பியிருந்தது. அதைச் சொல்லும் ஒற்றை வரியை நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். முகம் சுண்டிப்போனது.  மன்னார்குடியில் கல்யாண வீடியோ எடுக்கும் கடையிலிருந்து ஒரு பழைய சிடி டிரைவை இரவல் வாங்கி வந்தேன். அதில் அந்த வரி வந்துவிட்டது. அப்படி ஒன்பது சிடிகள், அக்கா. சாக்கில் போயிருந்தால் ஒன்பது புத்தகமும் ஊனமாகவே நின்றிருக்கும்.

கடைசிச் சிடியைக் கேட்டு முடித்த நாலாம் மாதம் காய்ச்சலில் படுத்தீர்கள். ஒரே வாரம்தான். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலருகே நின்றபோது நீங்கள் கேட்டது, திருச்சிக் கல்லூரிக்கும் கும்பகோணம் கல்லூரிக்கும் பிரதிகள் போய்ச் சேர்ந்தனவா என்று. சேர்ந்துவிட்டன என்றேன். நல்லவேளை, அது பொய்யில்லை.

இன்று மூன்று ஊர்களில் அந்தப் புத்தகங்கள் பேசுகின்றன. போன மாதம் ஒரு கூட்டத்தில், பூட்டிய சிடிகளை யார் சொல்லித் திறந்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். நான் எழுந்து அனுமதிக் கடிதத்தை மேசைமேல் வைத்தேன். அவர் படித்துவிட்டு, தம் கல்லூரிக்கும் ஒரு பிரதி வேண்டுமென்றார். அன்று நான் குனியாமல் நின்றதற்கு நீங்கள் காரணம்.

இப்போதெல்லாம் 'முடிந்தது' என்று திரை சொன்னதும் நான் எழுந்திருப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன். உங்கள் அளவுக்கு என் காது வேகமில்லை; ஒற்றை வேகத்தில்தான் கேட்க முடிகிறது. ஆனாலும் கடைசி வாக்கியத்தின் பயனிலை வரைக்கும் கேட்டுவிட்டுத்தான், சிடி சரியாக ஏறியது என்று கையெழுத்துப் போடுகிறேன்.

உங்கள்
நசீமா