சில்லென்றிருந்த ரெகுலேட்டர்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் இங்கே சுகம். நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவின் முதுகில் வந்த படுக்கைப் புண் ஆறுகிறதா? போனில் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதிக் கேட்கிறேன்.

இங்கே கம்பெனியில் ஒரு கூத்து. ஒரு மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் ரெகுலேட்டர் சுமை தாங்காமல் சூடானது. அதே மாதிரி இன்னொன்றைப் பக்கத்தில் சேர்த்து இணைத்தேன். ஆளுக்குப் பாதி சுமக்கும் என்று நினைப்பு. ஐந்தே நிமிடத்தில் கருகல் வாடை. தொட்டால் ஒன்று நெருப்பாய்ச் சுட்டது, மற்றது சில்லென்று இருந்தது.

சூப்பர்வைசர் சிரித்தார். "பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். எது ஒரு துளி அதிகமா குடுக்குதோ, அது தலையிலயே மொத்தமும் ஏறிடும். இன்னொண்ணு சும்மா நிக்கும்."

பிறகு இரண்டிலும் கரண்ட் வெளியே வரும் வாசலில், அதைக் கொஞ்சம் தடுக்கும் சின்ன ரெசிஸ்டர் ஒன்றைப் போடச் சொன்னார். இப்போது சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன.

நம் வீட்டில் எதைப் போடுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமையாவது வந்து அப்பாவைத் தூக்கிவிடும்படி அண்ணனிடம் கேட்டேன். "பாக்கலாம்" என்றார்.

அதுவரை நீ இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தூக்கு. வீடியோவில் அப்பாவையும் பாப்பாவையுமே காட்டுகிறாய், உன் முகத்தையும் ஒரு தடவை காட்டு.

கம்பெனி வண்டி வந்துவிட்டது. சுட்டதைத் தொட்ட விரலில் சின்னக் கொப்புளம்தான், ஆறிவிடும். சில்லென்று இருந்ததைத் தொட்ட விரல்தான் இன்னும் என்னமோ செய்கிறது.

பாப்பாவின் அப்பா