முக்கோண மண்டலத்து விண்மீனும் ஒரு நன்றி வரியும்

போன திங்கட்கிழமை எங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் உன்னுடைய படத்தை ஒட்டியிருந்தார்கள். உன் முகத்தை அல்ல, நீ கண்டுபிடித்ததை. பசை காயவில்லை. மைதாவின் புளித்த வாடை வராந்தா முழுக்க அடித்தது. மேலே உன் ஆய்வு வழிகாட்டியின் சிரித்த முகம். கீழே ஒரு நிறமாலை: இடமிருந்து வலமாக ஓடும் மெல்லிய கோடு, அதன் நடுவில் அகன்ற ஒரு மேடு. 'நம் மண்டலத்திலும் அண்டை மண்டலங்களிலும் அரிய வெப்ப விண்மீன்கள்' என்று தலைப்பு. வியாழக்கிழமை சிறப்புரை. நன்றியுரை, இயற்பியல் துறையின் சார்பில், நான்.

அந்த மேட்டை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும். அதன் இடது தோளில் சின்னதாக ஒரு பல் இருக்கும். அதைப் பென்சிலால் வட்டமிட்டு நீ எனக்குக் காட்டியிருக்கிறாய்.

நீ செத்து இரண்டு வருடம் ஆகிறது. இப்படித்தான் எழுதுவேன். நம்கூடப் படித்தவர்களின் வாட்ஸாப் குழுவில் ஒருவன் 'வானத்தில் ஒரு நட்சத்திரம் கூடிவிட்டது' என்று போட்டான். அதைப் படித்து எனக்கு வந்த கோபம் இன்றும் இருக்கிறது. நீ இருந்திருந்தால், "எந்த வகைன்னு கேளு புள்ள, வெப்பம் எத்தனையாமா?" என்றிருப்பாய்.

அந்த மத்தியானம் உனக்கு நினைவிருக்கும். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் மின்விசிறி பழுது. மற்றவர்கள் எல்லாரும் மர நிழலுக்குப் போய்விட்டார்கள். நீ மட்டும் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாய். வெளிநாட்டுத் தொலைநோக்கி ஒன்று எல்லாருக்கும் திறந்துவிட்டிருந்த தரவுகள் அவை. நம் பால்வெளியைப் போலவே தனியாக இருக்கிற, முக்கோணம் என்கிற அண்டை மண்டலத்தின் விண்மீன்கள். ஊரெல்லாம் மென்பொருளை ஓடவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடும். நீ ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்ப்பாய். கேட்டால், "மிஷினு சலிச்சுப்போட்டத நான் மறுக்கா சலிக்கறேன்" என்பாய்.

"ஏம்புள்ள, சித்த இங்க வா."

வந்தேன்.

"இது பள்ளமில்ல. மேடு."

சாதாரண விண்மீனின் நிறமாலையில் இருண்ட கோடுகள் பள்ளம் பள்ளமாக விழும். உன் திரையில் இருந்தது எழும்பி நின்றது, அதுவும் அகலமாக.

"ஏட்டி, கருவிக் கோளாறா இருக்கும்" என்றேன்.

"கோளாறுன்னா ஒருவாட்டிதான் வரும். மூணு வருசம் கழிச்சு எடுத்ததுலயும் இருக்குது பாரு. அதே எடத்துல, அதே பல்லோட."

பேருந்துப் பயணச்சீட்டின் பின்பக்கத்தில் நீ கணக்குப் போட்டாய். மேட்டின் அகலத்திலிருந்து அந்த விண்மீனின் காற்று எவ்வளவு வேகத்தில் வெளியே வீசுகிறது என்று. நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்தது. சூரியனைவிடப் பல மடங்கு எடையும் வெப்பமும் கொண்டு, தன் மேலடுக்கைத் தானே ஊதித் தள்ளிவிட்டு உள்ளே இருக்கிற ஹீலியத்தைக் காட்டுகிற வகை. நம் பால்வெளி முழுவதிலும் சில நூறுதான் தெரியும். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னால் இப்படி மேடுகளை முதலில் பார்த்த இரண்டு பேரின் பெயர் இன்னும் அந்த வகைக்கு நிற்கிறது. நீ பார்த்த விண்மீனைப் பட்டியலில் வெறும் நீல விண்மீன் என்று எழுதி வைத்திருந்தார்கள். ஏறக்குறைய முப்பது லட்சம் ஒளியாண்டுத் தொலைவிலிருந்து வந்த வெளிச்சத்தை, வியர்வையைத் துடைத்துக்கொண்டே நீ திருத்தினாய்.

அன்றே வழிகாட்டிக்கு மின்னஞ்சல் அனுப்பினாய். எனக்கும் ஒரு நகல். அவருடைய பதில் ஒரே வரி: 'கருவிப் பிழை. உன் அத்தியாயத்தை முடிக்கிற வழியைப் பார்.'

எட்டு மாதம் கழித்து ஆய்விதழில் கட்டுரை வந்தது. அவருடைய பெயர், அவருடைய இன்னொரு மாணவனின் பெயர். உன் மேடு, உன் பல், உன் வேகக் கணக்கு. கடைசிப் பக்கத்தில், தரவு உதவிக்கு நன்றி என்று உன் பெயர். அதிலும் ஓர் எழுத்துப் பிழை.

இதுவரை எழுதியது அவர்மேல் உள்ள கோபம். இனி வருவதை எழுதத்தான் இரண்டு நாளாகப் பேனாவை மூடி மூடித் திறக்கிறேன்.

கட்டுரை வந்த அன்று துறையின் மாடிப்படியில் நின்று என்னை அழைத்தாய். "துறைத் தலைவருகிட்டப் போறேன். கூட வந்து ஒரு வார்த்தை சொல்லு புள்ள. நீ அன்னைக்குப் பாத்தயில்ல."

என் ஆய்வேடு அப்போது உன் வழிகாட்டியின் மேசையில் இருந்தது. மதிப்பீட்டுக் குழுவில் அவரும் ஒருவர். சக்குபள்ளத்தில் எங்கள் ஏலத்தோட்டத் தொழிலாளர் லயத்தில் முனைவர் பட்டம் வாங்கப்போகிற முதல் ஆள் நான். அம்மா முகத்தை நினைத்தேன், என்னையும் நினைத்துக்கொண்டேன்.

"ஏட்டி, எனக்கு அவரு கையெழுத்து வேணும். ரெண்டு மாசம் பொறுத்துக்கோ."

நீ திட்டியிருக்கலாம். அழுதிருக்கலாம். "செரி புள்ள" என்றாய். படியிறங்கிப் போனாய். துறைத் தலைவரிடமும் போகவில்லை. இரண்டு வாரத்தில் விடுதி அறையைக் காலி செய்துகொண்டு உன் ஊர் வடகரப்பதிக்குப் போய்விட்டாய். நான் கையெழுத்து வாங்கினேன். முனைவர் ஆனேன். இந்தக் கல்லூரியில் வேலையும் கிடைத்தது.

ஒரு வருடம் கழித்து உன் ஊருக்கு வந்தேன். புகார் மனுவை முழுக்க நானே எழுதி, நீ கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் குறி வைத்துக் கொண்டுவந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியையாக இருந்தாய். ஞாயிற்றுக்கிழமை. தோப்பில் சொட்டுநீர்க் குழாயின் அடைப்பை ஊசியால் குத்தி எடுத்துக்கொண்டிருந்தாய். காகிதத்தை வாங்கக்கூட இல்லை.

"வேண்டாம் புள்ள. மறுக்கா அந்தாளு மூஞ்சியப் பாக்கோணுமில்ல."

"அதுக்காக விட்டுருவியா? திருட்டுடி இது!"

"தெரியுது."

"அப்ப பயந்து ஓடியாந்துட்டேன்னு சொல்லு."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாய். "நான் கூப்புட்டப்ப நீ வரல. இப்ப நீ கூப்புட்டா நான் வரோணுமா?"

உன் அம்மா இலை போட்டுவிட்டுக் கூப்பிடுவது காதில் விழுந்தும் நான் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். அதுதான் நாம் கடைசியாகப் பார்த்துக்கொண்டது. அடுத்த மழையில் உனக்கு எலிக்காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தான் என்று மாத்திரை போட்டுக்கொண்டு மூன்று நாள் பள்ளிக்கூடம் போனாயாம். ஐந்தாவது நாள் கோவை மருத்துவமனையில் போய்விட்டாய். எனக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

உன்மேலும் கோபம்தான். செத்தவள்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். படுகிறேன். காய்ச்சலோடு பள்ளிக்கூடம் போனாயே, அந்தப் பிடிவாதத்தில் பாதியை அந்த ஆளிடம் காட்டியிருக்கக் கூடாதா?

நீ போனபிறகு உன் மின்னஞ்சலை இணைத்துப் பல்கலைக்கழகத்தின் நெறிக் குழுவுக்கு எழுதினேன். பாதிக்கப்பட்டவரோ அவருடைய சட்டப்படியான வாரிசோ கையெழுத்திட்டால்தான் எடுத்துக்கொள்வார்களாம். வாரிசு என்றால் உன் அம்மா. நான் சாப்பிடாமல் திரும்பிப்போன வீட்டு வாசலில் போய் நிற்க எனக்கு முகமில்லை. கடிதத்தைக் கோப்பில் போட்டு மூடினேன். இரண்டு வருடம் மூடியே கிடந்தது.

வியாழக்கிழமை அவர் வந்தார். நன்றாகத்தான் பேசினார், அதுதான் எரிச்சல். மெகல்லன் மேகங்கள் என்கிற குட்டி மண்டலங்களில் இந்த விண்மீன்கள் எப்படி வேறுபடுகின்றன என்று எளிமையாக விளக்கினார். பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள். பிறகு உன் மேடு திரையில் வந்தது. "ஒரு நாள் பழைய தரவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது இது என் கண்ணில் பட்டது" என்றார். கைதட்டினார்கள்.

நன்றியுரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கல்லூரி முதல்வருக்கு நன்றி சொன்னேன், ஒலிபெருக்கி வைத்தவருக்குச் சொன்னேன். அப்புறம் உன் பெயரைச் சொன்னேன், எழுத்துப் பிழை இல்லாமல், இனிஷியலோடு.

"இந்த விண்மீனை முதலில் அடையாளம் கண்டவர் அவர். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவருக்கும் இந்தத் துறை நன்றி சொல்கிறது."

கூடம் புரியாமல் பார்த்தது. அவர் சிரித்தபடியே முன்னால் இருந்த மைக்கை இழுத்தார். "நல்ல மாணவி. பாவம், இப்போது இல்லை. தரவில் உதவி செய்தார். கட்டுரையிலேயே நன்றி சொல்லியிருக்கிறோம்."

அந்த 'பாவம்' என்ற சொல்தான். இல்லாவிட்டால் நான் அதோடு உட்கார்ந்திருப்பேனோ என்னவோ. கைப்பேசியை எடுத்து உன் மின்னஞ்சலைத் தேதியோடு வாசித்தேன். அவருடைய ஒரு வரிப் பதிலையும் வாசித்தேன். 'கருவிப் பிழை' என்ற இடத்தில் பின்வரிசையில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. முதல்வர் ஓடிவந்து தேசிய கீதத்தைப் போடச் சொன்னார். எல்லாரும் விறைத்து நின்றோம். அவரும் நானும் மூன்றடி இடைவெளியில், அசையாமல், ஒருவரையொருவர் பார்க்காமல்.

வெள்ளிக்கிழமை மெமோ வந்தது. விருந்தினரை அவமதித்ததற்கு ஏழு நாளில் விளக்கம் தரவேண்டும். அன்று மாலையே இன்னொரு அஞ்சலும் வந்தது. அந்தக் கட்டுரையில் இரண்டாவது பெயராக இருந்த மாணவன், இப்போது வெளிநாட்டில் இருக்கும் மலையாளி, யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு எழுதியிருந்தான். 'எனக்கு அந்தப் படத்தைக் கொடுத்ததே அவள்தான். கேட்டால் எழுதிக் கொடுக்கிறேன். நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.' அவனும் ஒரு கையெழுத்துக்காகத்தான் வாயை மூடியிருக்கிறான். அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

சனிக்கிழமை உன் அம்மா கூப்பிட்டார். பக்கத்துத் தோட்டத்துப் பெண் எங்கள் கல்லூரியில் படிக்கிறாளாம், வீடியோவைக் காட்டியிருக்கிறாள்.

"ஏன் அம்மிணி, என்ற புள்ள என்னமோ கண்டுபுடிச்சாளாமா? எங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலியே."

வீட்டில்கூடச் சொல்லவில்லையா நீ? கைப்பேசியைப் பிடித்தபடி உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன், மனசுக்குள்.

நேற்று வடகரப்பதிக்குப் போனேன். மனுவை எடுத்துக்கொண்டு போனேன், ஆனால் பையை விட்டு எடுக்கவில்லை. உன் அம்மா முதலில் சோறு போட்டார். சாப்பிட்டேன். பிறகு மடிக்கணினியைத் திறந்து உன் மேட்டைக் காட்டினேன். பள்ளம் எது, மேடு எது என்று சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இத்தனையும் தன்னால கண்ணுல பாத்தே கண்டுபுடிச்சாளா?"

"ஆமாங்கம்மா. மிஷின் விட்டத இவ பிடிச்சா."

"அந்த வாத்தியாரு இன்னும் வேலையில இருக்காரா?"

"இருக்காருங்க. அடுத்த வருசம் ஓய்வு."

"அப்ப அதுக்குள்ள எழுதோணும்" என்றார். நான் கேட்காமலே. பையிலிருந்து மனுவை எடுத்தேன். உன் பெயருக்கு இருந்த பென்சில் குறியை அழித்துவிட்டு, வாரிசு என்று எழுதினேன். ஒவ்வொரு பக்கத்தையும் என்னைப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டார். படிக்கட்டில் நீ என்னைக் கூப்பிட்டதும் நான் வராததும் அதில் இருக்கிறது. சாட்சி என்றால் அதையும் எழுதத்தானே வேண்டும். அந்தப் பகுதியைப் படிக்கும்போது என் குரல் இறங்கிவிட்டது.

"சத்தமாப் படி அம்மிணி, காது கேக்கல" என்றார்.

மறுபடி படித்தேன். கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, கோபம் கொஞ்சமும் இல்லாத குரலில் கேட்டார்:

"இத ஒரு வார்த்த சொல்றதுக்கு உனக்கு இத்தன வருசம் ஆச்சா சாமி?"

இன்று காலை மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உன் பெயரைக் கட்டுரையில் சேர்ப்பார்களா, விசாரணை என்று இழுத்து அவரை ஓய்வில் அனுப்பிவிடுவார்களா, தெரியாது. மெமோவுக்கு ஒரே வரியில் பதில் எழுதினேன்: நான் வருந்தவில்லை. அவர்மேல் உள்ள கோபம் என்றாவது ஒருநாள் ஆறலாம். உன்மேல் உள்ளதும் ஆறிவிடும். உன் அம்மா கேட்டதற்கு நேற்று வெறுமனே தலையாட்டினேன். ஆமாம், இத்தனை வருடம் ஆயிற்று.