நெல்லிமேடு ஏரிக்கரையில் பிறகு எழுதிய தமிழ்

அனுப்புநர்:
க. ராசம்மாள் (வயது 31),
காலஞ்சென்ற கந்தப்பனின் மனைவி, விவசாயம்,
எருத்தேன்பதி, சித்தூர் தாலுகா,
பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டக் கலெக்டர் அவர்கள்,
இடுக்கி மாவட்டம்.

பொருள்: நெல்லிமேடு தேசியப் பூங்கா ஏரியில் என் கணவர் இறந்தது குறித்துப் பூங்கா அலுவலகம் எழுதிய அறிக்கையில் உள்ள பொய்யை நீக்கக் கோருதல்.

பெருமதிப்பிற்குரிய கலெக்டர் அவர்களுக்கு வணக்கம்.

1. சென்ற மே மாதம் 13ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊரிலிருந்து மூன்று குடும்பத்தார் வேன் பிடித்து மேற்படி பூங்காவைப் பார்க்கச் சென்றோம். கடலை அறுவடை முடிந்திருந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் நானும் என் கணவரும் ஊர் பார்க்கவென்று கிளம்பியது அன்றுதான். அவர் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தவர். எழுத்தைக் கண்டால் வாய்விட்டுப் படிப்பது அவர் வழக்கம். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியில் கடைப்பலகை, மைல்கல் ஒன்றையும் விடாமல் படித்துக்கொண்டு வந்தார். சின்னாறு செக்போஸ்ட் தாண்டி மறுபடி கேரளாவுக்குள் போனதும் பலகையெல்லாம் மலையாளமாகிவிட, படிப்பதை நிறுத்திவிட்டார். எங்களுக்கு மலையாளம் பேசினால் புரியும். எழுத்துத் தெரியாது.

2. ஏரியும் அதன் பின்னால் மலையும் மிக அழகாக இருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து, கூஜாவில் தண்ணீர் எடுக்க என் கணவர் கரையில் இறங்கினார். இரண்டாவது அடியிலேயே கால் சேற்றில் புதைந்து, சரிந்து ஆழத்துக்குப் போய்விட்டார். ஐம்பது அடி தூரத்தில் பூங்காக் காவலர் நாற்காலியில் இருந்தார். "ஏனுங்க, கவுறு ஏதாச்சும் இருந்தாப் போடுங்க" என்று கத்தினேன். அவர் எழுந்து வந்து, "போர்டு கண்டில்லே?" என்று, பலகையைப் பார்க்கவில்லையா என மலையாளத்தில் கேட்டார். நான் மறுபடியும் கத்தினேன். அவர் மறுபடியும் அதையே கேட்டார். கயிறும் இல்லை, படகும் இல்லை.

3. பக்கத்து எஸ்டேட் தொழிலாளி சூசையப்பன் என்பவர் சத்தம் கேட்டு ஓடி வந்து, குதித்து, என் கணவரைக் கரையேற்றினார். அதற்குள் உயிர் போயிருந்தது. "இந்தச் சேறு ஆளை இழுக்கும்னு எஸ்டேட்டுல பச்சப்புள்ளைக்கும் தெரியும்மா. வெளியூர்க்காரங்களுக்கு யாரு சொல்லுதா?" என்று அவர் அழுதார். அவரிடம் இன்றுவரை யாரும் வாக்குமூலம் வாங்கவில்லை.

4. ஜூன் 20ஆம் தேதி பூங்கா அலுவலக அறிக்கையின் நகல் வந்தது. அதுவும் மலையாளத்தில்தான். பள்ளி ஆசிரியரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். "தமிழிலும் எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தும், அதைப் படித்துவிட்டு வேண்டுமென்றே மீறி இறங்கியதால் மரணம்" என்று இருந்தது. ஆசிரியர் என் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

5. ஜூலை 2ஆம் தேதி என் கொழுந்தனாரோடு மறுபடி அங்கே போனேன். கரையில் உள்ள எச்சரிக்கைப் பலகையில் மலையாளத்துக்கும் ஆங்கிலத்துக்கும் கீழே தமிழ் இருந்தது. மேல் இரண்டு வரிகளும் வெயிலில் வெளுத்திருக்க, தமிழ் வரி மட்டும் புதுப் பெயிண்டில் பளபளத்தது. அதிலும் 'ஆழம்' என்பதை 'ஆளம்' என்று எழுதியிருக்கிறார்கள்.

6. எங்களோடு வேனில் வந்த பொங்கியண்ணன் என்பவர், விபத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு எடுத்த போட்டோவின் பிரதி இத்துடன் உள்ளது. பலகையில் இரண்டு மொழிகள் மட்டும் இருப்பதைத் தாங்களே பார்க்கலாம். அதன்மேல் கை ஊன்றிச் சிரித்துக்கொண்டு நிற்பவர்தான் என் கணவர். இறங்காதே என்று சொல்லும் பலகை அது என்று தெரியாமலே நிற்கிறார்.

ஐயா, நான் நஷ்டஈடு கேட்டு எழுதவில்லை. அந்தக் காவலரை வேலையிலிருந்து நீக்கவும் கேட்கவில்லை. புதிய தமிழ் வரி அங்கேயே நிற்கட்டும். பிழையை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். கரையில் ஒரு கயிறாவது வைக்கச் சொல்லுங்கள். சூசையப்பனை அழைத்து விசாரித்து, மே 13 அன்று தமிழில் எச்சரிக்கை இல்லை என்று அறிக்கையைத் திருத்தி, அதன் நகலை எனக்குத் தர உத்தரவிட வேண்டுகிறேன்.

எங்களுக்கு ஒரே மகள், பூவாத்தாள். நான்காம் வகுப்பு. பள்ளியில் மலையாளமும் சொல்லிக் கொடுக்கிறார்கள். நன்றாகப் படிக்கிறாள் என்கிறார் ஆசிரியர். இன்னும் ஒரு வருடத்தில் அந்த அறிக்கையை அவளே எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள். அதற்குள் திருத்தித் தாருங்கள்.

இடம்: எருத்தேன்பதி
நாள்: 9-7-1979

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
க. ராசம்மாள்

இணைப்பு: போட்டோ பிரதி 1, அறிக்கை நகல் 1.