ஒரு ஆலிவ் செடிக்கு மூன்று பகீரதர்கள்

சிட்லபாக்கம்,
ஐப்பசி, திங்கட்கிழமை காலை

செல்லக் குழந்தை மாளவிகாவுக்கு, சித்தப்பா ஜெயகிருஷ்ணன் கோடி ஆசீர்வாதங்களோடு எழுதிக்கொண்டது. இங்கே நான் சௌக்கியம், உன் சித்தி சுந்தரவல்லி என்னைவிட சௌக்கியம், கேளம்பாக்கத்தில் உன் அப்பாவும் அம்மாவும் சௌக்கியம், அண்ணாவின் முழங்கால் மட்டும் லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில் வலிக்கிறதாம். நம் ஏரிகூட இரண்டு மழைக்குப் பிறகு சௌக்கியமாகத்தான் இருக்கிறது. சௌக்கியமில்லாமல் போனது ஒரே ஒரு ஜீவன். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் உன் முகம் தெரியும். கடிதம் ஹெல்சிங்கி வந்து சேரப் பதினைந்து நாளாவது ஆகும், அந்தப் பதினைந்து நாளும் உன்னைப் பொறுத்தவரை நான் நிரபராதி.

அந்த ஜீவன் உன் ஆலிவ் செடி. அப்பா ஃபிளாட் பால்கனியில் வெயில் வராது, சித்தப்பா மாடிதான் சரி என்று என்னை நம்பி நீ ஒப்படைத்துவிட்டுப் போன அதே செடி, ஆனி மாதமே பரமபதம் அடைந்துவிட்டது. இது ஆயிரம் வருஷம் வாழும், சித்தப்பா, ஒன்றே ஒன்று, தண்ணீர் மட்டும் அதிகம் ஊற்றாதே என்றாய். பஞ்சம், படையெடுப்பு, பூகம்பம் எல்லாவற்றுக்கும் தாக்குப் பிடித்த வம்சத்தை ஒரு பிளாஸ்டிக் மக்கால் முடித்து வைத்த பெருமை உலகத்திலேயே எனக்கு மட்டும்தான். ஆனால் தனியாகச் செய்துவிட்டேன் என்று சொன்னால் அது தற்பெருமை. நான் காலையில் ஒரு மக் ஊற்றினேன். எனக்குத் தெரியாமல் சித்தி மத்தியானம் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றினாள். எங்கள் இருவருக்கும் தெரியாமல், எதிர் வீட்டு முனிரத்தினம் சாயங்காலம் வந்து ஒரு வாளி ஊற்றியிருக்கிறார். சித்திரையில் நாங்கள் ஒரு வாரம் ஸ்ரீரங்கம் போனபோது மாடிச் சாவியைக் கொடுத்தோம், திரும்பி வந்ததும் வாங்க மறந்தோம், அவரும் கடமையை நிறுத்தவில்லை. ஒரு செடிக்கு மூன்று பகீரதர்கள். கங்கை வந்தது, செடி போனது.

அஸ்தினாபுரத்தில் நீ செடி வாங்கிய நர்சரி பியூலாவைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். அந்தப் பெண் தொட்டியைச் சாய்த்து மோந்து பார்த்துவிட்டு, "அங்கிள், செடி வளத்தீங்களா, நாத்து நட்டீங்களா?" என்று கேட்டாள். வேர் அழுகிவிட்டது, ஆனால் உச்சியில் ஒரு கிளை மட்டும் இன்னும் பச்சையாக இருக்கிறது, அதை வெட்டிப் பதியம் போட்டால் அதே செடியை மறுபடி எடுக்கலாம் என்றாள். பென்சில் கனத்தில் சாண் நீளத்துக்குப் பன்னிரண்டு குச்சி. கீழ் இலைகளை உருவிவிட்டு, மேலே நாலு இலை மட்டும் வைத்து, அடியில் வேர் பிடிக்கிற பொடியைத் தொட்டு, பாதி மணல் பாதி தேங்காய் நார்த்தூளில் நட்டு, மேலே தண்ணீர் பாட்டிலை வெட்டிக் கவிழ்க்க வேண்டும். மூன்று மாதம் யாரும் தொடக்கூடாது. மூன்று மாதம் தொடாமல் இருப்பதற்கு நான் என்ன, முனிவனா?

அதற்குள் முனிரத்தினம் வந்தார். நம் தெருவே ஒரு காலத்தில் அவர்கள் வீட்டு நெல் வயல் என்பதால் மண் விஷயத்தில் அவர் வாக்கு வேதம். "இன்னா சாமி, இதுக்குப் போயி பேஜாராயிகினு கீற? முருங்க போத்து மாரி நட்டுட்டு, தலையில சாணி அப்பு. தானா வந்துரும்" என்று நான் தடுப்பதற்குள் நாலு குச்சிக்குச் சாணிக் கிரீடம் வைத்துவிட்டார். நாலும் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்து ராஜ மரியாதையோடு போய்ச் சேர்ந்தன. நடுவதற்காக டம்ளர் தண்ணீரில் நான் போட்டு வைத்திருந்த இன்னொன்றை எடுத்துப் பல் தேய்த்தபடியே, "வேப்பங்குச்சி அளவுக்குக் கசப்பு இல்ல சாமி" என்று தீர்ப்பும் சொன்னார். மிச்சம் ஏழு. அந்த ஏழில் ஆறு என் கணக்கு. தினமும் காலையில் பாட்டிலைத் தூக்கி, வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்த்துவிட்டு மறுபடி நடுவேன். உன் சித்தி பார்த்தாள். கடைசிக் குச்சியைத் தொட்டியோடு தூக்கிப் போய்ப் பூஜை அறை ஜன்னலில் வைத்து, இது மடி, குளிக்காமல் தொட்டால் அப்புறம் தெரியும் என்றாள். நான் பத்து மணிக்கு முன் குளித்து நீ பார்த்திருக்கிறாயா? அந்தக் குச்சியைக் காப்பாற்றியது பெருமாள் பாதி, என் சோம்பேறித்தனம் பாதி.

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் நான் காட்டினது என்ன என்று இப்போது உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது அரளிக் கிளை. உன் தொட்டியில் செருகி வைத்தேன். இலை நீளமாயிடுத்தே சித்தப்பா என்று நீ கேட்டபோது சிட்லபாக்கம் காற்று அப்படி என்றேன். ஒரு வாரம் மொட்டு விட்டுவிட்டது, நீ கூப்பிடுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் சித்தி கிள்ளி எறிந்தாள். நேற்று நீ அந்த அரளியைப் பார்த்து எவ்வளவு சமர்த்து என்று கொஞ்சினாய் பார், போனை வைத்ததும் சித்தி, "இனிமே என்னால முடியாது, நீங்களே எழுதிடுங்கோ, குழந்தைகிட்ட எத்தனை நாள் நாடகம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதனால் எழுதுகிறேன். மன்னித்துவிடு என்று இதற்கு முன் நான் யாருக்கும் எழுதினதில்லை, எழுத்துக் கோணலாக இருந்தால் அதனால்தான்.

போன வெள்ளிக்கிழமை கடைசிக் குச்சியில் இரண்டு புது இலை வந்தது. நான் போட்ட கூச்சல் தாம்பரம் ஸ்டேஷனில் கேட்டிருக்கும். பியூலாவுக்குப் போன் செய்தேன். "இலையப் பாத்து ஏமாறாதீங்க அங்கிள், குச்சில மிச்சம் இருக்கிற பலத்துலயே துளிர்க்கும். இப்ப ரெண்டு விரலால லேசா இழுத்துப் பாருங்க. புடிச்சுகிட்டா வேர் விட்டிருக்கு, கையோட வந்துட்டா இல்ல" என்றாள். உடனே குளித்தேன், விடிகாலையில். பாட்டிலை எடுத்தேன். குச்சியில் விரலை வைத்தேன். இழுக்கக்கூடாத நாளெல்லாம் இழுத்தவன், இழு என்று சொன்ன அன்றைக்குக் கை வராமல் பாட்டிலைத் திருப்பிக் கவிழ்த்துவிட்டு வந்துவிட்டேன்.

அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, ராத்திரி ரொட்டியோடு நிறுத்தாமல் ஒரு வாய் ரசம் சாதம் சாப்பிடு. அண்ணாவிடம் இதைச் சொல்லாதே, எனக்கு ஆயுசுக்கும் அர்ச்சனை நடக்கும். பெருமாள் அனுக்கிரகத்தில் நீ நன்றாக இருக்க வேண்டும். மார்கழியில் வரும்போது முதலில் இங்கே வா. உன் செடி, நீயே இழுத்துப் பார். நான் கூடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், எதுவானாலும் மெதுவாகச் சொல்.

இப்படிக்கு,
உன் செடியைக் கொன்றவனும், ஒரு குச்சி அளவுக்கு நம்பிக்கை வைத்திருப்பவனுமான
சித்தப்பா ஜெயகிருஷ்ணன்