உன் மகளின் சாயாக் கலியாணம்

விண்ணையும் கடலையும் விரித்து, இரண்டுக்கும் நடுவே மனிதர் கூடி வாழச் சிறிது மணலையும் ஒதுக்கித் தந்த ஆண்டவரே, உமக்குத் தோத்திரம். மறைந்துபோன ஒருவனோடு பேசத் துணிகிற இந்த முதியவனின் சொல்லில் மிகையும் பொய்யும் புகாமல் காத்தருளும்.

அன்புத் தோழா,

இன்று விடியலில் என்னை எழுப்பியது கோவில் மணியன்று, மட்டி வாழைப்பழத்தின் மணம். கலியாணம் முடிந்து மாப்பிள்ளையோடு மறுவீடு வந்த உன் மகள் செலின், நேற்று என் மேசைமேல் ஒரு சீப்பை வைத்துவிட்டுப் போனாள். அது மெல்லப் பழுத்து, சன்னல்வழி வந்த கடற்காற்றோடு கலந்து, என் சிற்றறையைக் கலியாண வீடாக்கியிருந்தது. கண் திறவாமலே கிடந்தேன். எங்கோ இலை விரிக்கிற ஓசை. அதன்பின் உன் குரல்: "என்ன மக்கா, அதுக்குள்ள எழும்பப் பாக்கிய? இன்னும் பாயசம் வரல்லியே!"

நீ போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் உறக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையிலுள்ள அந்த மெல்லிய கரையில் நீ இன்னும் பந்தி விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறாய்.

விடிகாலையில் கடற்கரையில் மீன் ஏலம் கூறும்போது ஊரின் மறுகோடிக்கும் கேட்கும் குரல் உன்னுடையது. அதே குரல் கலியாணப் பந்தியில் தாலாட்டைப்போலத் தணிந்துவிடும். யார் வீட்டுக் கலியாணமானாலும் பந்தி விசாரிப்பது உன் பொறுப்பென்று ஊர் விட்டிருந்தது. வாளி தூக்கிப் பரிமாறுகிறவர்கள் வேறு. நீ வெறுங்கையோடு இலைக்கு இலை குனிந்து, ஒவ்வொருவரையும் பேர்சொல்லிக் கேட்பாய். அழைத்த முறை சரியில்லை என்று முகத்தைத் தூக்கிவைத்து உட்கார்ந்தவர்களும் உன் கேள்விக்குப் பிறகு இரண்டாம் முறை சோறு வாங்குவார்கள். விருந்தினரின் முகம் பூவைவிட விரைவில் வாடிவிடும் என்று பழம்புலவர் பாடியதை ஒருநாள் உனக்கு எடுத்துச் சொன்னேன். கோவிலில் மறைக்கல்வி கற்பித்தே வயதான என்னை நீ வழக்கம்போல் கேலி செய்தாய். "உபதேசியாரே, நீரு பாட்டுல பாத்தீரு. மீனுக்குச் செவுளப் பாக்கணும், மனுசனுக்கு மொகத்தப் பாக்கணும். இதுக்கு எதுக்கு வேய் பாட்டு?"

செலினுக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளில் அவள் தலையைத் தொட்டு நின்றவன் நான். ஆகையால் நம் ஊர் வழக்கில் நான் அவளுக்குத் தலைதொட்டப்பன். அவள் மழலையில் அது "தொட்டப்பா" என்று குறுகி, அப்படியே நிலைத்துவிட்டது. நீ இல்லாத வீட்டில் அவள் கலியாணத்தைப் பேசி முடிக்கிற கடமை என்னிடம் வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை கருங்கல் ஊரில் கணினிக் கடை வைத்திருப்பவன்; நிதானமான பிள்ளை. கேட்கத் தகாத எதையும் அவன் வீட்டார் கேட்கவில்லை. இடர் முழுவதும் நம் பக்கத்தில்தான் இருந்தது. உன் நோய் உன்னைக் கொண்டுபோனபோது வீட்டிலிருந்த சேமிப்பையும் துடைத்துக்கொண்டு போயிருந்தது. மிஞ்சியது அந்த ஓட்டு வீடு ஒன்றே.

அதை விற்றுவிடுவதென்று உன் மனைவி முடிவு செய்திருந்தாள்.

"அண்ணே, இந்த ஊருல ஒரு பந்தி விடாம நின்ன மனுசன் அவரு. எத்தன வீட்டுல கடைசிப் பந்தியில இருந்து உண்டிருக்காரு! அவருக்க மோளுக்க கலியாணத்துல ஊரு பசியோட திரும்பிப் போனா, கல்லறையில அவருக்கு ஒறக்கம் வருமா? வீடு போனாப் போட்டும். சோறு போடாம முடியாது."

செலின் வாசற்படியில் அமர்ந்து பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "வீட்ட வித்துச் சோறு போட்டா, மறுவீட்டுக்கு நான் எங்கம்மா வருவேன்? கோவில் நடையிலயா?"

"ஏட்டி, வாய அடக்கு."

"அடக்கிட்டேன். நீ மறுமொழி சொல்லு."

அடுக்களையில் ஒரு பாத்திரம் மட்டும் வேண்டுமளவுக்கு மேல் ஓசையிட்டது.

செலினின் எண்ணம் எளியது. மாலை நான்கு மணிக்குத் திருப்பலி. அந்த வேளையில் யாரும் சோற்றை எதிர்பார்க்க மாட்டார்கள். பின்னர் கோவிலின் பங்கு மண்டபத்தில் சாயா, ஒரு துண்டுக் கேக், கொஞ்சம் மிக்சர், ஒரு பழம். பீடத்துக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமைத் திருவிழாவில் வைத்த பூக்களே போதும். சேலையைப் பக்கத்து ஊரான புதுக்கடையில் எடுத்தாள். கடைக்காரர் விலை உயர்ந்தவற்றை விரிக்க விரிக்க அவள், "இது எனக்குக் கனக்குது அண்ணா" என்று மெல்ல மடித்துத் திருப்பிக் கொடுத்த நயத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அலைமீது நடப்பவளைப்போல அவள் இந்தச் சிக்கனத்தின்மேல் நடந்தாள், பாதம் நனையவேயில்லை.

ஆனால் தாயும் மகளும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கோவிலில் முதல் ஓலை வாசித்தாயிற்று. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று சாமியார் ஊரறிய அறிவித்த அந்தத் திருப்பலியிலும் இருவரும் வேறு வேறு வரிசையில் முழந்தாளிட்டிருந்தார்கள். சமரசம் பேசலாமென்று அன்று மாலை வீட்டுக்குப் போனேன். வேதத்திலிருந்து நான் தேடிவைத்திருந்த வார்த்தைகளுக்கு வேலையிருக்கவில்லை. செலினே பேசினாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டா? அப்பா எப்பமாவது யாருக்காவது சோறு போட்டாரா?"

"என்ன பேச்சுட்டி இது?"

"சோறு போட்டது கலியாண வீட்டுக்காரங்க. அப்பா ஒரு பிடி போடல்ல. அப்பா கேட்டாரு. போதுமா, இன்னும் கொஞ்சம் வைக்கட்டான்னு கேட்டாரு. அதத்தான ஊரு இன்னும் சொல்லுது? நாம அதச் செஞ்சாப் போதும்."

"கேட்டா வயிறு நெறயுமா?"

"இவ்வளவு காலம் நெறஞ்சுதே!"

உன் மனைவி அடுப்பிலிருந்து சாயாவை இறக்கி எனக்கொன்றும் மகளுக்கொன்றுமாக ஊற்றினாள். தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. அதை அரைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டோம்.

ஊரழைக்கும் வேலை எனக்கு. செலின் என்னை உட்காரவைத்துப் பாடம் சொன்னாள். "தொட்டப்பா, ஒரு வீட்டுக்கு ரெண்டு பேர். கணக்காச் சொல்லணும், கேட்டியளா? வேற ஒண்ணும் சேத்துச் சொல்லாதீங்க." தலையாட்டிவிட்டுப் புறப்பட்டேன். முதல் வீட்டு முற்றத்தில் நின்றபோதே என் நா என்னைக் கைவிட்டது. ஒரு வீட்டுக்குப் போய், உங்களில் இருவர் வாருங்கள் என்று எப்படிச் சொல்வது? அந்தச் சொல்லே நம் மண்ணில் விளையவில்லையே! "வீட்டப் பூட்டிட்டு எல்லாரும் வரணும்" என்று சொல்லிவிட்டேன். முதல் வீட்டில் சொன்னதை இரண்டாம் வீட்டில் மாற்றுவது நீதியாகுமா? அங்கும் அப்படியே. உன்னிடம் மீன் எடுத்து விற்ற மேரி மட்டும் இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்: "உபதேசியாரே, வீட்டப் பூட்டிட்டு வந்தா எனக்க கோழிய யாரு பாப்பா?"

"கோழியையும் கூட்டிட்டு வா" என்றேன். பொறுப்பில்லாத கிழவன்!

பூட்டிவிட்டுத்தான் வந்தார்கள், தோழா. திருப்பலி முடிந்து மண்டபத்துக்குள் நுழைந்தபோது ஊர் ஒரு பேரலையாய் எங்கள் பின்னே வந்தது. நாற்காலிகள் நிறைந்து, திண்ணைகள் நிறைந்து, வெளியே தென்னைகளுக்கடியிலும் மனிதர் நின்றனர். மேற்கு வெயில் எல்லார் முகத்திலும் பொன் பூசியிருந்தது. அந்த ஒளியில் ஒரு கணம் எவர் உயிரோடிருப்பவர், எவர் முன்பே போனவர் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பின்னர்தான் கேக் தட்டு வெறுமையாய்த் திரும்புவதைக் கண்டேன். பாதிப்பேருக்குக்கூடக் கிடைத்திருக்கவில்லை. மணமேடையிலிருந்து செலின் என்னைப் பார்த்தாள். யாருடைய நாவின் வேலை இது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. புதுச்சேலையின் தலைப்பை அவள் விரல்கள் இறுகப் பற்றியிருந்தன. வீட்டைக் காக்க நின்றவள், ஊரின்முன் தலைகுனிய நேருமோ என்று அஞ்சினேன்.

வேதத்தில் வரும் கானாவூர்க் கலியாண வீட்டில் திராட்சை இரசம் குறைவுபட்டதைக் கண்டு முதலில் சொன்னவர் ஒரு தாய் என்பதை எத்தனை தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கற்பித்திருப்பேன்! அன்றுதான் அதைக் கண்ணால் கண்டேன். சோறில்லாத கலியாணத்தைக் காண மனமின்றி மண்டபத்தின் பின்னறையில் சுவரைப் பார்த்து அமர்ந்திருந்த உன் மனைவி எழுந்து என்னிடம் வந்தாள்.

"அண்ணே, கேக்கு தீந்துபோச்சு, இல்லியா?"

"ஆமாம்மா."

"வீட்டப் பூட்டிட்டு வரச் சொன்னியளோ?"

"வாயில வந்துட்டு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். நீ போனபின் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. "அவருக்க சேக்காளிதான நீங்க! பின்ன எப்படி இருக்கும்?" என்றபடி முந்தானையை இடுப்பில் செருகினாள். சாயாப் பானையருகே நின்றவர்களிடம், "இஞ்சி தட்டிப் போட்டு இன்னொரு பான வையுங்க" என்றாள். மண்டப வாசலின் இருபுறமும் அழகுக்காகப் பழுத்த மட்டிக்குலைகளைக் கட்டியிருந்தோம். அவற்றை அறுத்து இறக்கச் சொன்னாள். ஒரு சீப்பைக் கையில் ஏந்தி, முதல் வரிசையின் முன் போய் நின்றாள்.

"வாங்க மைனி, பழம் எடுங்க. சாயா சூடா கிட்டிச்சா? பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதா? அண்ணே, ஒங்களுக்குச் சீனி போடாம ஒண்ணு வரும், இரியுங்க." வரிசை வரிசையாகக் குனிந்தாள், ஒவ்வொருவரையும் பேர்சொல்லிக் கேட்டாள். மேரி பழத்தை வாங்கிக்கொண்டு உரக்கச் சொன்னாள்: "போதும் மைனி, நெறஞ்சு. கோழிக்கு ஒரு பழம் குடுத்தியன்னா அதுக்க கொறயும் தீந்துரும்." மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பினூடே "போதும், போதும்" என்ற சொல் ஒரு வரிசையிலிருந்து மறு வரிசைக்கு, செபமாலையின் மறுமொழியைப்போலப் பரவிச் சென்றது. என் வாழ்நாளில் அந்தச் சொல் அத்தனை இனிமையாய்ச் சொல்லப்பட்டு நான் கேட்டதில்லை.

மறுபக்கம் திரும்பிய உன் மனைவி என்னைப் பார்த்து, "அண்ணே, நிக்கியளே! அந்தால ரெண்டு வரிச கேக்காம கெடக்கு" என்று அதட்டினாள். நான் போனேன். குனிந்தேன். கேட்டேன்.

நேற்று மறுவீட்டு விருந்து உன் வீட்டில், உன் ஓட்டுக்கூரையின் கீழேயே நடந்தது. சோறும் மீன்குழம்பும். மாமியார் "இன்னும் கொஞ்சம் வைக்கட்டா" என்று கேட்கும்போதெல்லாம் மறுக்கத் தெரியாமல் உண்டு, மாப்பிள்ளை மூச்சு வாங்கினான். செலின் தாயைக் கைபிடித்து அருகே அமர்த்தி, "நீ இரும்மா, இனி நான் கேக்கேன்" என்று இலை போட்டாள். உன் மனைவி எல்லாரோடும் சேர்ந்து வயிறார உண்டாள்.

ஒன்றை மட்டும் கடைசியில் சொல்ல வைத்திருந்தேன். காருக்குச் செலவழிக்க வேண்டாமென்று, வீட்டிலிருந்து கோவில்வரை கலியாணப் பெண்ணை நடத்தியே கூட்டிப்போனோம். நடப்பதற்கு முன் செலின் என் இடக்கையைப் பற்றிக்கொண்டாள். கடலோரத் தெருவின் நீளமெல்லாம் அவள் கை அங்கேயே இருந்தது. கோவில் படியேறும்போது ஒருமுறை இறுக்கினாள். பீடத்தின்முன் அவளை மாப்பிள்ளையிடம் ஒப்படைத்தபின்னும் அந்தக் கையின் கனம் என் கையைவிட்டு இறங்கவில்லை. இப்போது இதை எழுதும்போதும் இருக்கிறது. அது எனக்குரியதன்று, தோழா, உனக்குரியது. சிந்தாமல் வைத்திருக்கிறேன். நானும் உன்னிடம் வரும்போது கொண்டுவருகிறேன்.

அதுவரை, உன் மகளின் புதுக் குடித்தனத்திலும், அவள் தாயின் அடுப்படியிலும், இம்மடலை வாசிக்கிற யாவர் இல்லத்திலும் ஆண்டவருடைய கண் இமையாதிருப்பதாக. அவர்கள் வாசலுக்கு வருகிற எவரும் கேட்பாரின்றித் திரும்பாதிருப்பார்களாக. உள்ளது சிறிதாயினும் அது எல்லாருக்கும் எட்டுவதாக. ஆமென்.