நாற்பத்தோராம் பக்கமும் நான்கு பைட்டும்

மார்ச் 3, செவ்வாய்

நான் எழுதிய நாற்பத்தோராம் பக்கத்தை என்னைக் கேட்காமல் மாற்றிவிட்டார்கள். மாற்றியவன், ஆபீசில் எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் அந்தப் பையன். அனுமதி கொடுத்தவர் மேலாளர். நான் ஓய்வு பெற்று ஏழு மாதம்கூட ஆகவில்லை.

பதினோரு வருட உழைப்பு அந்த ஆவணம். முதன்மை டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் லாக் கோப்பில் ஒரு நிகழ்வாகப் பதிவாகும்; நகல் டேட்டாபேஸ் அதைப் படித்து அதே மாற்றத்தைத் தானும் செய்துகொள்ளும். அந்த நிகழ்வில் எந்த பைட்டில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கு எவரும் எழுதித் தரவில்லை. டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள், பட்டம் எதுவும் இல்லாதவள், நான்தான் அச்செடுத்துப் பென்சிலால் எண்ணி எண்ணி எழுதினேன்.

என் பக்கம் சொன்னது இது: நிகழ்வின் கடைசியில் பதிவு கெடாமல் இருக்கிறதா என்று பார்க்க நான்கு பைட் சரிபார்ப்பு எண் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், கோப்பின் முதல் நிகழ்வின் கடைசியில் உள்ள அடையாள பைட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும், அது பூஜ்யம் என்றால் எண் இல்லை. இப்போது அங்கே ஒரே வரிதான் இருக்கிறது. எல்லா நிகழ்விலும் கடைசி நான்கு பைட்டை வெட்டிவிட வேண்டுமாம்.

மார்ச் 4, புதன்

எங்கள் வாடிக்கையாளரான மருத்துவமனையின் பழைய லாக்குகளை ஓட்டி, அழிந்துபோன நோயாளிப் பதிவுகளை 16ஆம் தேதி மீட்கப் போகிறார்கள். அந்த லாக்குகளில் சரிபார்ப்பு எண் கிடையாது. கடைசி நான்கு பைட்டை வெட்டினால் போவது கடைசிக் கட்டம் — இன்னாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற குறி. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு நிரல் மேலே போய்க்கொண்டே இருக்கும். ஒருவருக்கும் தெரியாது.

மேலாளருக்குப் போன் செய்தேன். "அம்மா, நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க. நெட்டை புதுசா நிரல் எழுதியிருக்கான், அவன் பாத்துப்பான்" என்றார். முழுதாகக் கேட்கவில்லை. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டார்.

ஜனவரியில் நெட்டை அனுப்பிய மூன்று மின்னஞ்சல்கள் கிடக்கின்றன. திறக்கவில்லை. திறக்கவும் மாட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

லிஃப்டில் ஒருவர் "எந்த மாடி?" என்று கேட்டார். "அஞ்சு" என்றேன். இன்று பேசியது அவ்வளவுதான்.

மார்ச் 8, ஞாயிறு

தங்கை போன் செய்தாள்.

"சாப்பிட்டியாக்கா?"

"நின்னுக்கிட்டே சாப்பிட்டேன். மேசை பூரா காகிதம்."

"நாலு பைட்டுக்கா இந்தப் பாடு? ஒரு தடவை அத்தான்கிட்ட நாலு மாசம் பேசாம இருந்தியே, அதே குரல்தான் இப்பவும். அந்த நெட்டைகிட்டயே நேரா கேட்டுத் தொலையேன்."

"நான் ஏன் கேக்கணும்?"

"கேக்காதே. நீதான் சரின்னு நிரூபிச்சிட்டு, அதை யார்கிட்ட போய்ச் சொல்லுவே?"

போனை வைத்துவிட்டேன். நியாயமான கேள்விதான். அதற்காக அவள் கேட்டிருக்க வேண்டாம்.

மார்ச் 9, திங்கள்

நிரூபிக்கத்தான் உட்கார்ந்தேன். என்னிடம் மாதிரிக்கு இருந்த பழைய மருத்துவமனை லாக் ஒன்றை, வழக்கமாக அச்செடுக்க நான் எழுதி வைத்திருந்த நிரல் வழியாக இல்லாமல், இருந்தபடியே அச்செடுத்தேன். முதல் நிகழ்வு. என் பக்கத்தின்படி அடையாள பைட் கடைசியில். சரிபார்ப்பு எண் இல்லாத கோப்பு, அதனால் பூஜ்யம் இருக்க வேண்டும்.

173 இருக்கிறது.

மறுபடி எண்ணினேன். 173.

பின்னாலிருந்து எண்ணினேன். ஐந்தாவதில் இருக்கிறது பூஜ்யம். அங்கே ஏன்? — மற்ற நிகழ்வுகளில் இல்லாவிட்டாலும், முதல் நிகழ்வில் மட்டும் சரிபார்ப்பு எண் எப்போதும் உண்டு; 173 அதன் கடைசி பைட். இது எனக்குத் தெரிந்த விஷயம். என் நிரலுக்கும் தெரியும். அந்த நான்கு பைட்டைக் கழற்றிவிட்டுத்தான் எனக்கு அச்சடித்துத் தரும். கழற்றின காகிதத்தைப் பாத்தே பக்கத்தை எழுதிட்டேன். நிரல் சரியா ஓடுச்சு, அதனால ஒருத்தரும் கேக்கல. பதினோரு வருஷமா தப்பா இருக்கு. எழுதினது நான். வேற யாரும் இல்ல.

மார்ச் 10, செவ்வாய்

மின்னஞ்சல்களைத் திறந்தேன்.

முதலாவது: "அம்மா, 41ஆம் பக்கத்தின்படி பார்த்தால் எனக்கு 90, 212 என்று ஏதேதோ வருகிறது. நான் எங்கே தவறு செய்கிறேன்?"

இரண்டாவது: "வீட்டுக்கு வந்து பார்க்கட்டுமா?"

மூன்றாவது: "பதில் இல்லை. புதிய கோப்புகளுக்குப் பொருந்துவதை மட்டும் எழுதி வைக்கிறேன். தவறென்றால் திட்டுங்கள்."

நான் எங்கே தவறு செய்கிறேன் என்று கேட்டிருக்கிறான். நீ எங்கே தவறு செய்தாய் என்று கேட்கவில்லை. பதினோரு வருடத்தில் என் பக்கத்தை வரிவரியாக நம்பிப் படித்த முதல் ஆள் அவன்தான்.

அதற்காக அவன் செய்தது சரியாகிவிடாது. பழைய கோப்புகள் என்னாகும் என்று யோசித்திருக்க வேண்டாமா?

மார்ச் 11, புதன்

காலையில் நெட்டைக்குப் போன் செய்தேன்.

"நான்தான்."

"தெரியுதும்மா. திட்டப் போறீங்களா?"

"கடைசி பைட் இல்ல. பின்னாலேர்ந்து அஞ்சாவது. என் பக்கம் தப்பு."

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. கோப்பைத் திறந்து எண்ணிக்கொண்டிருந்தான்.

"பூஜ்யம்" என்றான். பிறகு, "ஐயோ. அப்ப பதினாறாம் தேதி ஓட்டவே கூடாதே."

"அதைத்தான் ஒரு வாரமா சொல்லிட்டிருக்கேன்."

"என்கிட்ட சொல்லலியேம்மா."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. "வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு வர்றீங்களா? ரெண்டு பேருமா ஒக்காந்து எண்ணிடலாம்" என்றான்.

மார்ச் 12, வியாழன்

செய்ய வேண்டியவை.

நெட்டை: 41ஆம் பக்கத்தில் பழைய விதியைத் திருப்பி வைக்க வேண்டும், பைட்டின் இடத்தைத் திருத்தி. புதிய நிரலையும் அதன்படி மாற்ற வேண்டும்.

மேலாளர்: 16ஆம் தேதி வேலையை நிறுத்தி, மருத்துவமனைக்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பக்கத்தை யார் எப்போது மாற்றினாலும் தேதியும் பெயரும் போட ஏற்பாடு செய்ய வேண்டும். நான் மாற்றினாலும்.

தங்கை: ஒன்றும் இல்லை. ஞாயிறு போன் செய்தால் போதும்.

நான்: பக்கத்தின் அடியில் பிழை என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். மேசையில் ஒரு பக்கமாவது காலி செய்ய வேண்டும். நாளை ஆபீஸ் வாசலில் பார்வையாளர் ஏட்டை நிரப்ப வேண்டும். யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் நெட்டை என்று போட முடியாது, அவன் முழுப் பெயரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.